கேளாத செவியும் கண்ட கண்ணும்

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே அராகன் மாநிலம் உள்ளது. அதன் தலைநகராகிய சரகோசாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் சென்றால் புவெந்தெதோதோஸ் என்னும் சிற்றூரை அடையலாம். ‘எல்லோருக்குமான ஊற்று’ என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் நாம் அங்கு கண்டது வரண்ட நிலமே. சுண்ணக்கல் மேடுகளும், முழங்காலளவு வளர்ந்த மணப்பூண்டுகளும், புழுதி வாரும் வடமேல் காற்றுமே எங்கும் இருந்தன. முற்காலத்தில் இவ்வூரார் மாரிக்காலப் பனியைக் கற்குழிகளிற் சேமித்துக் கோடையில் நகரத்துக்கு விற்று வந்தனர்.

இவ்வூரின் கல்வீடொன்றிலேதான் 1746ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா பிறந்தார். அவ்வீடு இன்று காட்சியகமாக விளங்குகின்றது. அண்மையிலேயே அவருடைய அச்சோவியங்களுக்கெனத் தனிக் காட்சிச்சாலையும் உண்டு.

அரசவை ஓவியராய்ப் புகழுற்றிருந்த கோயாவை 1792ஆம் ஆண்டின் இறுதியில் கொடுநோய் பற்றியது. உயிர் தப்பினார், செவிப்புலன் முற்றாக மறைந்தது. அப்போது அவருக்கு வயது 46. விரல்களால் எழுத்துகளைக் காட்டும் முறையை அவர் அறிந்திருந்தார். அவ்வெழுத்துகளை அவரே 1812இல் வரைந்த தாளொன்றும் எஞ்சியுள்ளது.

அவருடைய பெயர்பெற்ற நான்கு அச்சோவியத் தொகுதிகளும் இந்நோயின் பின்னர் தோன்றியவையே. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி, அதனை அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் ஓவியம் பதியும். பிசின் தூளைத் தகட்டில் உருக்கி ஒட்டவைத்து அரித்தால் சாம்பல் நிறச் சாயைகளும் கிட்டும்.

1799இல் வெளிவந்த ‘காப்ரிச்சோஸ்’ தொகுதியில் 80 ஓவியங்கள் உள. பாமர மக்கள் நம்பிய சூனியக்காரிகளும் பேய்களும் அவற்றில் உலவுகின்றனர். ஓரோவியத்தில் கழுதையொன்று கழுதைக் குட்டிக்கு எழுத்துக் கற்பிக்கின்றது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் அதன்முன் சற்று அதிக நேரம் நின்றோம்!

ஆயினும் நெஞ்சை விட்டகலாதவை ‘போரின் பேரழிவுகள்’ என்னும் தொகுதியின் ஓவியங்களே. 1808இல் நெப்போலியனின் படை சரகோசாவை முற்றுகையிட்டது. முதல் முற்றுகை நீங்கியபின் இடிபாடுகளைக் காணக் கோயா அங்கு சென்றார். பின்னர் அவர் 82 தகடுகளைச் செதுக்கினார். பலவற்றில் பின்னணி ஏதுமில்லை. மொட்டை நிலம், மேகமற்ற வானம், பட்ட மரம். ஊர்ப்புறத்து மேடுகளைக் கண்டு வந்த நமக்கு அந்நிலம் அந்நியமாய்த் தோன்றவில்லை. படை வரக் கண்டு மக்கள் குழந்தைகளுடன் ஓடும் ஓவியத்தின்கீழ் ‘நான் இதைக் கண்டேன்’ என்று பொறித்துள்ளார்.

அவ்வோவியங்களில் வாய் திறந்து அலறுவோர் பலர். அவ்வலறல் வரைந்தவர் செவிக்கு எட்டாதது. எனினும் பார்ப்போர் செவியில் அது விழுகின்றது. 1828இல் கோயா மறைந்தார்; 35 ஆண்டுகள் கழித்து, 1863இலேயே அத்தொகுதி அச்சேறியது. கண்டதை மறைக்காது பதித்து வைத்தவரின் சாட்சியம், கேட்பார் வரும்வரை அச்செப்புத் தகடுகளிற் காத்திருந்தது.