தானே வெடிக்கும் ரோடு

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் மார்ச் மாதத்துக் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கும். வெளியே இறங்கினால் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. கார் நிறுத்தும் இடங்களில் வரிசையாக பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள். இரவில் இன்ஜின் விறைத்துப் போகாமல் இருக்க அதைச் சூடேற்றும் ஹீட்டருக்கான மின்சாரம் அது. குளிருக்கு மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் இப்படி எங்கும் கண்ணில் பட்டன. ரோடு என்ன செய்யும் என்ற கேள்வி, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் எனக்கு வந்தது.

வண்டி ஒரே தாளத்தில் குதித்தது. பழைய ரயில் தண்டவாள இணைப்புகளைத் தாண்டுகிற மாதிரி, சீரான இடைவெளியில் ஒரு ‘டடக்’. ஓட்டியவர் சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே ஒரு வெடிப்பு. கையுறையோடு என் விரல் உள்ளே போனது. அடுத்த வெடிப்பு சில கார் நீளம் தள்ளி. அதற்கப்பால் இன்னொன்று. வியப்பு அதில் இல்லை. தார் முடிந்த இடத்தில் வெடிப்பு நிற்கவில்லை. ஓரத்துச் சரளையைப் பிளந்துகொண்டு பனிக்குள் இறங்கிப் போயிற்று.

“எத்தனை லாரி ஓடினால் இப்படி ஆகும்?” என்று கேட்டேன்.

“லாரியே வேண்டாம். புது ரோட்டைப் போட்டு, கேட்டைப் பூட்டி வைத்தாலும் வெடிக்கும்” என்றார்.

நம் ஊரில் ரோடு பிளந்தால் முதலில் திட்டு வாங்குபவர் கான்ட்ராக்டர். இங்கே அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. ஃபேர்பேங்க்ஸில் பதிவான அதிகபட்ச வெப்பம் 37 டிகிரி, 1919 ஜூலையில். மிகக் குறைந்தது மைனஸ் 54, 1934 ஜனவரியில். நூறு மீட்டர் தார் ரோடு 50 டிகிரி குளிர்ந்தால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். ஆனால் அடியிலிருக்கும் ஜல்லிப் படுகை அதை நகர விடாது. சுருங்கவும் முடியாமல், விடவும் முடியாமல் தார் விறைத்து நிற்கிறது.

கொஞ்சம் சூடாக இருக்கும்வரை தாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இழுத்தால் மெல்ல இளகிக்கொடுத்து, இழுவிசையைத் தணித்துக்கொள்ளும். குளிர் மெதுவாக இறங்கினால் ஓரளவு சமாளித்துவிடும். ஒரே இரவில் திடீரென்று இறங்கினால் இளக நேரமில்லை; தாங்கும் எல்லையைத் தாண்டியதும் குறுக்கே பட்டென்று விடும். வருஷம் ஆக ஆகக் காற்றும் வெயிலும் பட்டுத் தார் இறுகுவதால், பழைய ரோடு இன்னும் சீக்கிரம் விடும். ஃபேர்பேங்க்ஸில் இதோடு நிலமும் சேர்ந்து சுருங்குகிறது. பெரிய வெடிப்புகள் ரோட்டைத் தாங்கும் மண் கரையையே ஆழமாகப் பிளந்து இறங்குவது அதனால்தான்.

அப்படியானால் இளகிய தாரைப் போட வேண்டியதுதானே? கனடாவின் மனிடோபாவில், செயின்ட் ஆன் என்ற இடத்தில், 1967இல் ஒரு சோதனை ரோடே போட்டு இதைப் பார்த்தார்கள். எந்தத் தாரைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் பெரும்பாலும் இருக்கிறது என்று தெரிந்தது. 1987இல் அமெரிக்கா தொடங்கிய பெரிய சாலை ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து தாருக்குப் புதிய தர வரிசை வந்தது. அதில் ‘52-40’ என்றால், ரோடு 52 டிகிரி சூட்டிலிருந்து மைனஸ் 40 வரை தாங்க வேண்டும் என்று பொருள். அவ்வளவு அகலமான எல்லைக்குச் சாதாரணத் தார் போதாது. ரப்பர் போன்ற பாலிமரைக் கலக்கிறார்கள். நம் ஊரிலோ, ரோடு போடும் விஜி-30 என்ற வகைத் தாரின் கெட்டித்தன்மையை 60 டிகிரியில் சோதிக்கிறோம். வெயிலில் உருகி டயர் தடம் பதியக் கூடாது என்பது நம் கவலை.

தார் குளிரைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையை ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். தாரைச் சிறு சட்டமாக வார்க்கிறார்கள்: நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், கனம் 6 மில்லிமீட்டர். அதைக் குளிர்ந்த திரவத் தொட்டிக்குள் இரண்டு முனைகளில் தாங்கவைத்து, நடுவில் 100 கிராம் எடை அளவுக்கு அழுத்தம். 60ஆவது விநாடியில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். வளைய வேண்டும், வளைந்துகொண்டே இருக்கவும் வேண்டும். மொத்த நெடுஞ்சாலையின் தலையெழுத்தை அந்தக் கறுப்புக் குச்சி நாலு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது.

பெர்மாஃப்ரொஸ்ட் என்னும் நிரந்தர உறைமண் தனிக் கதை. கறுப்புத் தார் வெயிலை வாங்கி அடியிலுள்ள உறைமண்ணை உருக்கும். ஓரத்தில் ஒதுக்கிய பனிக் குவியல் போர்வையாகி அங்கே மண்ணை உறையவிடாது. கரை உள்வாங்கி ரோடு நெடுக்குவாட்டில் பிளக்கும். ரோட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். மண் குளிர்ந்தது, டயருக்குப் பிடிமானம் குறைந்தது! பெரிய பெரிய பாறைகளை இடைவெளியோடு கொட்டிக் கரை எழுப்பி, குளிர்காலக் காற்று உள்ளே புகுந்து சுற்றிவரச் செய்வது அதைவிட நல்ல யோசனை. ஃபேர்பேங்க்ஸில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தாம்சன் டிரைவ் என்ற ரோட்டில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

என்னை அசத்தியது வேறொன்று. வெடிப்பதைத் தடுக்க முடியாது என்றால், எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்தால் என்ன? 1984இல் ஃபேர்பேங்க்ஸின் ஃபிலிப்ஸ் ஃபீல்டு ரோட்டில், புதுத் தார் போட்ட கையோடு ரம்பத்தால் குறுக்கே கோடு கோடாக அறுத்துவிட்டார்கள். குளிர் வந்தது, பெரும்பாலும் அறுத்த கோட்டிலேயே வெடிப்பும் விழுந்தது. கோணல்மாணலாகக் கிளைவிட்டு ஓரம் உதிர்கிற வெடிப்புக்குப் பதில், நேரான மெல்லிய பிளவு. 2012இல் ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் 25, 33, 40 அடி இடைவெளிகளில், ஆழத்தையும் மாற்றி மாற்றி அறுத்துச் சோதித்தார்கள். புது ரோட்டில் ரம்பத்தை வைக்க அனுமதி கேட்ட அந்த முதல் இன்ஜினியரின் துணிச்சலை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நம் ஊரில் கேட்டிருந்தால் விசாரணைக் கமிஷனே போட்டிருப்பார்கள்.

வெடிப்புகளை அடைக்க மாட்டார்களா என்று வண்டி ஓட்டிய பெரியவரிடம் கேட்டேன். ஒவ்வொரு கோடையிலும் சூடான ரப்பர்த் தாரை ஊற்றி அடைப்பது வழக்கமாம். ஆனால் அடைக்காமல் விட்ட பழைய மெல்லிய வெடிப்புகளை ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பலவற்றைச் சுற்றி ரோடு நன்றாகவே இருந்ததாம். நான் விரல் விட்ட வெடிப்பைக் காட்டி, “இதையும் அப்படியே விட்டுவிடலாமா?” என்றேன்.

குனிந்து, உதிர்ந்து கிடந்த ஓரத்தைப் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்தார். “இதை அடைக்கத்தான் வேண்டும். முதல் வருஷமே அறுத்திருந்தால் இந்தச் செலவு இல்லை” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.