குன்னூர்க் குளிரில் பழைய ஊசியும் புது ஊசியும்

ஜனவரி 3, இரவு

ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் காலையில் புல்வெளி முழுக்க உறைபனி என்றார்கள். குன்னூரில் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒன்பது மணிக்கு அறைக்குள் 12 டிகிரிதான்.

பக்கத்து வீட்டு ஐயா எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெட்டி இசைத்தட்டுகளையும் ஒரு பழைய ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜையும் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) கொண்டுவந்து வைத்தார். பேரன் வாங்கிய புது பிளேயரில் ஆடியோ டெக்னிக்கா ஏடி3600எல் இருக்கிறதாம். "என் பழைய ஊசி நல்லதா, இப்ப கடையில வர்றது நல்லதா? கேட்டுப் பார்த்துச் சொல்லு தம்பி" என்றார். என்னிடம் இருப்பது அதே கம்பெனியின் விஎம்95இ. மூன்றையும் ஒரே பிளேயரில் மாற்றி மாற்றிக் கேட்பது என்று முடிவு.

முதல் வேலை கழுவுவது. மலையில் இசைத்தட்டுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். இரண்டு மழைக்காலமும் மூடுபனியும் அட்டை உறைக்குள் இறங்கி, தட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக உட்கார்ந்துவிடுகின்றன. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு, மிருதுவான பிரஷ், பிறகு நல்ல தண்ணீரில் ஓர் அலசல். நடுவிலிருக்கும் லேபிள் நனையக் கூடாது. பெட்டியில் சில 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுகளும் இருந்தன. அவற்றில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஜனவரி 5

ஐயா வீட்டுப் பரணிலிருந்து ஒரு எச்எம்வி ஃபியஸ்டாவும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் இந்த மாதிரிப் பெட்டிகளின் செராமிக் கார்ட்ரிட்ஜில்தான். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள் அதற்குள் இருக்கிறது. சத்தம் வலுவாக வரும், தனி ஃபோனோ ப்ரீ ஆம்ப் தேவையில்லை. ஆனால் ஊசி கனமாக அழுத்த வேண்டும், அசைவும் முரட்டுத்தனமானது. சபையர் ஊசி என்றால் சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். வைரம் பல நூறு மணி தாங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: நுனி தட்டையாகிவிட்டது. அது இனி ஊசி இல்லை, உளி. ஒரு தட்டைக்கூட அதில் போடவில்லை.

ஜனவரி 8

இன்றைக்குக் கிடைத்த விஷயம் மலைவாசிகளுக்கு முக்கியமானது.

கார்ட்ரிட்ஜுக்குள் ஊசியின் தண்டு ஒரு ரப்பர் வளையத்தில் பிடிபட்டிருக்கிறது. குளிரில் ரப்பர் இறுகும். இறுகினால் தண்டு தடத்தின் நெளிவுக்கு ஈடுகொடுக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யை (1963) 12 டிகிரியில் போட்டேன். சமஸ்கிருதத்தில் 'ஸ', 'ஷ' ஒலிகளுக்குப் பஞ்சமில்லை. எம்.எஸ்ஸும் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடும்போது ஒவ்வொரு 'ஸ'வும் பொரிந்தது. விஎம்95இ-யிலேயே அப்படி. ஹீட்டர் போட்டு, அறை 22 டிகிரிக்கு ஏறியபின் அதே பக்கத்தை மறுபடி வைத்தேன். பொரிச்சல் ஏறக்குறைய போய்விட்டது. பழைய ஷூரில் பாதிதான் போனது. அதன் ரப்பர் பல வருஷமாக இறுகியது, ஹீட்டர் என்ன செய்யும்?

விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் காதைக் கிழிக்கிறது என்று ஊட்டியில் யாராவது சொன்னால், அறை எத்தனை டிகிரி என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஐயா கூடவே உட்கார்ந்தார். ஷூரை மாட்டியதும், "இதுதான்யா பாட்டு!" என்றார். சத்தம் கூடுதலாக வந்ததுதான் காரணம். எம்44-7 தருவது 9.5 மில்லிவோல்ட், விஎம்95இ 4 மில்லிவோல்ட். இரண்டுக்கும் நடுவே 7 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். சத்தம் கூடினதைக் காது எப்போதும் நல்லது என்றே சொல்லும். வால்யூமைச் சமப்படுத்தியபிறகு அவரே புரிந்துகொண்டார். டீ ருசி பார்ப்பதும் இப்படித்தான்: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு. ஒரு கோப்பையில் அரை கிராம் கூடினாலும் அன்றைய ருசி செல்லாது.

இன்னொன்றையும் சரிசெய்தோம். ஆடியோ டெக்னிக்கா கேட்கும் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) 100 முதல் 200 பிகோஃபாரட், ஷூர் கேட்பது 400 முதல் 500. கேபிளும் ப்ரீ ஆம்ப்பும் சேர்ந்து இந்தக் கணக்கைத் தீர்மானிக்கின்றன. இதைப் பார்க்காமல் செய்கிற ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

ஜனவரி 12

'கொஞ்சும் சலங்கை' (1962) இ.பி. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு. ஏடி3600எல் உருண்டை முனை, 3.5 கிராம் அழுத்தம். குரலுக்கு உடம்பு இருந்தது, மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கல். இந்த விலைக்கு இது பெரிய கௌரவம். விஎம்95இ நீள்வட்ட முனை, 2 கிராம். நாகஸ்வரத்தின் பிர்காக்கள் தனித்தனியாக விழுந்தன, கூடவே தட்டின் கீறல்களும். மோனோ தட்டு என்பதால் இரண்டு சேனலையும் ஒன்றாக்கினேன். இரைச்சலில் ஒரு பங்கு உடனே அடங்கியது. பழைய படப்பாட்டு இ.பி. வைத்திருப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டிய காரியம் இது.

அடுத்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). எல்.பி.யின் வெளி ஓரத்தில் தடம் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிள் அருகே 21தான். அதே ஒலி பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கியடிக்கிறது. அங்கே வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஏடி3600எல்-இல் கலங்கியது, விஎம்95இ-யில் நின்றது.

பழைய ஊசியோடு ஷூர்? மிருதுவாக, மூடினாற்போல் ஒலித்தது. ஐயாவுக்கு அதுவே பழைய காலத்து இனிமை.

ஜனவரி 19

பொங்கல் கழிந்து ஷூருக்குப் புது ஊசி வந்தது. ஷூர் கம்பெனி 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ இன்னும் அந்த மாடல்களுக்கு ஊசி செய்கிறது, அதனால்தான் இவை உயிரோடு இருக்கின்றன.

மாட்டியதும் அந்த மிருது காணாமல் போனது. நாம் இனிமை என்று கேட்டது தேய்ந்த முனையும் இறுகிய ரப்பரும் விழுங்கிய மேல் ஸ்தாயிதான். எம்44-7 உண்மையில் துடிப்பான கார்ட்ரிட்ஜ்: மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் தட்டுகிறது, ஜானகி ஓரடி முன்னால் வந்து பாடுகிறார். நுட்பத்தில் விஎம்95இ-க்குக் கீழே. உற்சாகத்தில் மேலே. ஐயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா இவளை அரைகுறையா கேட்டிருக்கேன்" என்றார்.

என் தீர்ப்பு: மோனோ இ.பி.க்களுக்குப் புது ஊசி போட்ட ஷூர். ஸ்டீரியோ எல்.பி.க்களுக்கு விஎம்95இ. பேரனுக்கு ஏடி3600எல் போதும், அதைக் கழற்ற வேண்டாம்.

பரணில் தாத்தாவின் ரெக்கார்டு பிளேயரும் தட்டுகளும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசையில் உடனே ஓடவிடாதீர்கள். ஊசியை மாற்றுங்கள், தட்டைக் கழுவுங்கள், மலையில் இருந்தால் அறையைச் சூடாக்குங்கள். தேய்ந்த ஊசி ஒருமுறை சீவிய தடத்தை எந்த விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜாலும் திருப்பித் தர முடியாது.