உள்ளுக்குத் தெரியிற மணிக்கூடு

பெரியகடைப் பக்கம் மணிக்கூடு திருத்துற ஒரு ஐயாட்டை, பாவிச்ச ஒட்டோமட்டிக் ஸ்கெலிட்டன் ஒண்டு கண்டன். 18,000 ரூபாய். முகப்புத் தட்டை வெட்டியெடுத்து, பற்சில்லெல்லாம் வெளிய தெரியிற வகை.

"வடிவில மயங்காதேங்கோ தம்பி, மூச்சைப் பாருங்கோ" எண்டு கண்ணாடியைத் தந்தார். பலன்ஸ் சில்லு தயங்காமல் அங்கையும் இஞ்சையும் ஆடுது, அதுக்குள்ள மயிரிழைச் சுருள் விரிஞ்சு சுருங்குது. மணித்தியாலத்துக்கு 21,600 துடிப்பு, செக்கனுக்கு 6. அதாலதான் செக்கன் முள் வழுக்கிக்கொண்டு போகும். செக்கனுக்கு ஒருக்கா துள்ளினா, அனேகமா பற்றரிதான்.

பிறகு திருகாணித் தலைகள். காடி கிழிஞ்சிருந்தா கனபேர் கைவைச்சிருக்கினம். கடைசியாக் கறள். எங்கட உப்புக்காத்தில மணிக்கூட்டுக்கு இதுதான் முதற் பகை.

95 யாழ்ப்பாண இடப்பெயர்வில அப்பா கையில சீக்கோ மணிக்கூட்டோட மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் கடந்தவர். வெளியில ஒரு கீறலும் இல்லை. அது நிண்டு, மூடியைத் திறந்தபோதுதான் உள்ளுக்கு முழுக்கக் கறள் எண்டு தெரிஞ்சுது. ஸ்கெலிட்டனில அப்பிடி ஒளிக்க இடமில்லை. எனக்கு அதுதான் பெரிசு.

ஒரு இரவு வீட்டை வைச்சுப் பாக்க விட்டார். முழுக்கச் சாவி குடுத்து, போன் நேரத்தோட ஒப்பிட்டால் விடிய 12 செக்கன் கூட. அது பரவாயில்லை, சீக்கோ 4ஆர்36 இயந்திரத்துக்குக் கொம்பனி சொல்லுற கணக்கே நாளுக்கு 45 செக்கன் கூடவோ 35 குறையவோதான்.

காலமை காசைக் குடுத்திட்டன். அம்மா கையில வாங்கி, காதில வைச்சுக் கனநேரம் கேட்டுக்கொண்டு இருந்தவ.