கரையும் கருப்பொருளும்

உயர்தர வகுப்பிலே திணை இலக்கணம் கற்பிக்கும்போது கருப்பொருள்களை ஒரு பட்டியலாகவே நாம் ஒப்புவித்து வந்தோம். தொல்காப்பியர் வகுத்த வரிசையில் மரத்தை அடுத்துப் புள் நிற்பது ஏன் என்று நாம் கேட்டதுமில்லை. எம்மை எவரும் கேட்டதுமில்லை. அவ்வினாவை எம்முள் எழுப்பியது ஏடன்று, அருவி ஆற்றங்கரை.

164 கிலோமீற்றர் ஓடி மன்னார்க் கடலில் கலக்கும் இந்த ஆற்றைச் சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்பர். அதன் கரைக்கு ஒரு விடுமுறை நாட் காலையிலே மாணவர் சிலரை அழைத்துச் சென்றோம். மருதமரங்கள் வேரோடி நின்ற இடத்தில் முதலில் அமர்ந்தோம். கரை என்பது ஒரு கோடு என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அது பல மாடி கொண்ட குடியிருப்பு என்பதை அன்று கண்டோம்.

செங்குத்தான மண் விளிம்பைக் குடைந்து, ஒரு முழத்துக்கும் மேல் உள்ளே சென்று முட்டையிடுகிறது மீன்கொத்தி. திறந்த தரையிலே, கூடு என்று சொல்லத்தக்க எதுவுமின்றி, முட்டையிட்டுக் காக்கிறது ஆட்காட்டி. நீர்மேற் சாய்ந்த கிளையிலே தொங்குகிறது தூக்கணாங்குருவியின் கூடு. வரண்ட வலயத்து ஆற்றோரக் காடுகளில் வாழும் இருவாய்ச்சிக்கோ முதுமரத்துப் பெரும்பொந்து வேண்டும்; பேடு அதனுள்ளே அடைபட்டிருக்க, சேவல் சிறு துவாரத்தின் வழியே அத்திப்பழம் ஊட்டும். ஒன்றின் இடம் மற்றொன்றுக்கு உதவாது. இடம் பலவானதாலேயே இனமும் பலவாயின.

பின்னர், மணல் அள்ளப்பட்ட பகுதிக்கு நடந்தோம். ஆற்றின் அடி ஆழமாகியதால் கரை சரிந்து, வேர் வெளிப்பட்ட மரங்கள் விழுந்து கிடந்தன. முதலிடத்தில் பறவைப் பெயர்களால் பக்கம் நிறைத்த மாணவர்கள் இங்கே காகம், மைனா, கொக்கு என எழுதி நிறுத்திக்கொண்டனர். அயற்கிணறுகளிலும் நீர் கீழிறங்கிவிட்டதென ஊரவர் கூறினர்.

"மணல் அள்ளுவோர் பாவிகள்" என்றான் ஒருவன். மற்றொருவன் தலை குனிந்தான். அவனுடைய தந்தை லொறிக்கு மணல் ஏற்றும் கூலியாள் என்பதை நாம் அறிவோம். சற்றுப் பொறுத்து, "சேர், எங்கட பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்துக்கும் இந்த மணல்தானே வந்தது?" என்று கேட்டான் அவன். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அக்கட்டடத் திறப்பு விழாவில் வாழ்த்துரை வழங்கியவர் நாமே!

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி அனுமதியின்றி மணல் அகழலாகாது. ஆயினும் சட்டத்தின் கை மண்வெட்டி பிடித்தவனையே எளிதில் எட்டுகிறது. லொறியின் சொந்தக்காரனை எட்டுவது அரிது. நாட்கூலியை விட்டால் வேறு தொழிலற்றவனைப் பழித்துப் பறவையைக் காக்க முடியுமா? கரை பொதுச்சொத்து, அதன் இலாபமோ சிலருடையது. நட்டத்தை மீன்கொத்தியும் கிணற்றடிப் பெண்களும் ஒருங்கே சுமக்கின்றனர்.

நிலத்தை முதற்பொருள் என்றனர் முன்னோர். முதல் அழிந்தபின் கரு எங்ஙனம் நிலைக்கும்? எமது வகுப்பிலே அந்தப் பட்டியலை இப்போது நாம் ஒப்புவிப்பதில்லை. அந்த மாணவன் கேட்ட கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம்.