பொலோஞா நகரில் ஒரு பகலுணவு

இத்தாலி நாட்டின் வடபகுதியில் பொலோஞா என்றொரு பழம்பெரும் நகர் உண்டு. 1088-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கருதப்படும் பல்கலைக்கழகம் அங்கே இன்றும் சிறப்புடன் நடைபெறுகிறது. தெருவோரங்களில் தூண்கள் தாங்கிய நிழற்கூடங்கள் தொடர்ந்து செல்கின்றன. அவற்றின் மொத்த நீளம் 62 கிலோமீட்டர் என்பர். மழை நாளிலும் குடையின்றி நகரைச் சுற்றி வரலாம்.

கற்றவள், சிவந்தவள், கொழுத்தவள் என மூன்று பட்டப்பெயர்கள் அந்நகருக்கு வழங்குகின்றன. முதற்பெயர் கல்வியால் வந்தது. இரண்டாவது, செங்கற் சுவர்களாலும் செவ்வோட்டுக் கூரைகளாலும் வந்தது. மூன்றாவது சமையலால் வந்தது. அதன் பொருத்தத்தை நண்பர் ஒருவரின் இல்லத்தில் யான் உணர்ந்தேன்.

நண்பரின் அன்னையார் அன்று எனக்காக லசாஞா சமைத்தார். கோதுமை மாவுடன் முட்டையும், வேகவைத்து மசித்த பாலக் கீரையும் சேர்த்துப் பிசைந்தார். நீண்ட உருட்டுக்கட்டையால் அதனை மெல்லிய பச்சை ஏடாக விரித்தார். துண்டுகளாக அரிந்து, உப்பு நீரில் சற்றே வேகவைத்துத் துணிமேல் பரப்பினார்.

இறைச்சிக் குழம்பின் பெயர் ரகூ. நவக்கிரகங்களுள் ஒன்றை நினைவூட்டினும், நன்மையே செய்வது! கொத்திய மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றி இறைச்சி, வெங்காயம், காரட், செலரி ஆகியவற்றை வதக்கித் திராட்சை மதுவும் தக்காளியும் பாலும் சேர்த்து, இரண்டு மணி நேரத்திற்கு மேல் சிறுதீயில் வைத்தார். வெண்ணெயும் மாவும் பாலும் கொண்டு தனியே ஒரு வெண்குழம்பு காய்ச்சினார்.

பின்னர் ஓர் ஏடு, அதன்மேல் ரகூ, அதன்மேல் வெண்குழம்பு, துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி என மாறிமாறி அடுக்கி, மூடிய அடுப்பில் மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை சுட்டார். அப்பாலாடைக்கட்டி 12 மாதங்களேனும் முதிர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

உண்ணும்போது நண்பர் ஒரு செய்தி கூறினார். ரகூ செய்முறையை 1982-ஆம் ஆண்டில் நகரின் வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவு செய்தனராம். 2023-இல் அதனையே திருத்தினராம். 300 கிராமாக இருந்த மாட்டிறைச்சி 400 ஆயிற்று; பால், விரும்பினால் சேர்க்கலாம் என்றாயிற்று.

"பதிந்து வைத்ததையும் மாற்றலாமா?" என்று வினவினேன். நண்பர் மொழிபெயர்க்க, அன்னையார் நகைத்தார்.

"என் தாயார் நிறுத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் குழம்பு கொதிக்கும் வரை அடுப்பை விட்டு அகலமாட்டார். அதை மட்டும் நான் மாற்றவில்லை. என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். கடையில் விற்கும் காய்ந்த ஏடுகளையே வாங்குகிறாள். முதலில் வருந்தினேன். அவளும் அடுப்பருகில் நிற்கிறாள் என்று பேரன் சொன்ன பிறகு வருத்தம் தீர்ந்தது" என்றார்.

யான் தலைகுனிந்தேன். டில்லியில் நல்லெண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாள், என் மகள் கடுகெண்ணெயில் புளிக்குழம்பு வைத்தாள். "இது குழம்பே அன்று" என்று கடிந்து, உண்ணாமல் எழுந்தேன். அலுவலகத்திலிருந்து திரும்பிய களைப்போடு அவள் அடுப்பருகில் நின்றதை அன்று எண்ணவில்லை.

வீடு திரும்பியதும் அக்குழம்பையே கேட்டேன். மகள் வியப்புடன் நோக்கினாள். மறுமுறையும் வாங்கி உண்டேன்.