ஆட்டின் எட்டு

சனிக்கிழமை நைட் பத்தரை மணி. ஹாஸ்டல் ரூம்ல அஞ்சு பேர். நடுவுல பெட்ஷீட், அதுமேல ரெண்டு சீட்டுக்கட்டு. என் கையில பதிமூணு சீட்டு. வயித்துல புளி கரையுது.

திங்கட்கிழமை எக்ஸாம் ஃபீஸ் 1,950 ரூபாய் கட்டணும். அப்பா பள்ளிபாளையத்துல தறி ஓட்டறார். அவர் அனுப்பின காசு முழுசா ஜிபேல இருந்துச்சு. ஆனா நோட்டோட கடைசிப் பக்கத்துல, என் பேருக்கு நேரா 'மைனஸ் 540'னு எழுதியிருந்துச்சு. பாயிண்டுக்கு ஒரு ரூபாய் ரம்மி. ஒன்பது ஆட்டத்துல நாலு ஃபுல்!

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கறீங்களா? 2025 ஆகஸ்ட்ல, பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேம்ஸுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும், எங்க விங்ல பசங்க போன்லேர்ந்து ரம்மி ஆப் காணாமப் போச்சு. ரெண்டே வாரம். நிஜ சீட்டுக்கட்டு வந்து உக்காந்துடுச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சீட்டு போட்டதும், 'இது தேறாது'னு ஆடாமலே கவுத்துட்டா அது ஸ்கூட், 20 பாயிண்ட். கொஞ்சம் ஆடிட்டு நடுவுல கவுத்தா 40. ஜோக்கர் சேராத சுத்தமான வரிசை ஒண்ணு அமையணும், அதுதான் ஃபர்ஸ்ட் லைஃப். அது இல்லாம இருக்கறப்ப வேற எவனாவது டிக் அடிச்சுட்டா, கையில இருக்கற மொத்தத்தையும் எண்ணணும். எவ்வளவு வந்தாலும் 80-ல நிக்கும். அதாவது நாலு ஸ்கூட் சேர்ந்தாதான் ஒரு ஃபுல். மூணாம் கிளாஸ் கணக்கு. ஆனா 540 ரூபாய் போனவனுக்கு மூணாம் கிளாஸ் கணக்குகூட வராது பாஸ்!

அன்னிக்கு நான் ஒரு தடவைகூட ஸ்கூட் போடலை. ஜோக்கர் இல்லை, ரெண்டு சீட்டு சேர்ந்தாப்பல இல்லை, ஆனா கெத்தா "ஆடறேன்"னேன். ஏன்னா, ஸ்கூட் போட்டா இன்னும் 20 போகுமே! அந்த 20-ஐக் காப்பாத்தப் போய் 80 குடுத்தேன்.

பத்தாவது ஆட்டம்தான் க்ளைமாக்ஸ். கையில ஆட்டின் ஏழும் ஒன்பதும். எட்டு வந்தா ஃபர்ஸ்ட் லைஃப். ரெண்டு கட்டுலயும் சேர்த்து மொத்தமே ரெண்டு ஆட்டின் எட்டுதான். இதே ஏழும் எட்டுமா இருந்தா ஆறு வந்தாலும் சரி, ஒன்பது வந்தாலும் சரி, நாலு சீட்டுக்கு வாய்ப்பு. ஆனா நான் நடுச்சீட்டுக்குத் தவம் கிடந்தேன். ஒவ்வொரு தடவை இழுக்கறப்பவும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

பக்கத்துல இருந்தவன் மெதுவா என் முழங்கால்ல தட்டினான். அவனுக்கு விங்ல பட்டப்பேரு 'தாத்தா'. எதையும் நிதானமாத்தான் செய்வான், பல்லு விளக்கறதுக்கே இருபது நிமிஷம்.

"மச்சி, போய் மூஞ்சி கழுவிட்டு வா."

"ஆட்டம் போயிட்டிருக்குடா!"

"அதான் சொல்றேன்."

சீட்டைக் கவுத்தேன். மிடில் ஸ்கூட், 40. ஆட்டம் முடிஞ்சதும் தாத்தா கழிச்ச சீட்டுங்களைப் பிரிச்சுக் காட்டினான். ரெண்டு ஆட்டின் எட்டும் அங்கேயே இருந்துச்சு. முதல் எட்டை எனக்கு எதிர்ல இருந்தவன் ரெண்டாவது ரவுண்டுலயே போட்டிருக்கான். ரெண்டாவது எட்டைப் போட்டது யார் தெரியுமா? தாத்தாவேதான். என் கண்ணு முன்னாடி விழுந்த சீட்டை நான் பார்க்கவே இல்லை. நோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

1968-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு. விழற சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை வெச்சுக்கறது, எதைக் கழிக்கறதுனு யோசிக்கணும், அதான் காரணம். அந்த ஜட்ஜுங்க அன்னிக்கு எங்க ரூமுக்கு வந்திருந்தா தீர்ப்பை மாத்தி எழுதியிருப்பாங்க!

போக்கர் ஆடறவங்க இந்த நிலைமைக்கு 'டில்ட்'னு பேர் வெச்சிருக்காங்க. பின்பால் மெஷினை ஆத்திரத்துல பிடிச்சு உலுக்கினா 'டில்ட்'னு காட்டிட்டு ஆட்டத்தை நிறுத்திடும். மெஷின் பரவாயில்லை, தானா நின்னுடும். மனுஷன் மேல மேல ஆடுவான்.

பாத்ரூம்ல தண்ணி அடிச்சுக் கழுவினேன். வராண்டால நின்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு தாத்தா வந்தான். எனக்கு விழுந்த மாதிரியே குப்பைச் சீட்டுதான் அவனுக்கும். அவன் விட்டது 200 சொச்சம். எப்படிடானு கேட்டேன். "ஏழு ஸ்கூட் போட்டேன்"னான். அப்புறம் கிளம்பறப்ப சொன்னான்: "நீ எவ்ளோ விட்டிருக்கேன்னு சீட்டுக்குத் தெரியாதுடா. அதுக்கு இது முதல் ஆட்டம்."

திரும்பி வந்து ஏழு ஆட்டம் ஆடினேன். நோட்டைப் பார்க்கறதில்லைனு முடிவு. கையில ஜோக்கரோ, ஃபர்ஸ்ட் லைஃபுக்கு ஒரு வழியோ இல்லைன்னா மறுபேச்சில்லாம கவுக்கறது. இங்கதான் நான் மளமளனு ஜெயிச்சேன்னு சொல்லணும், கதைக்கு நல்லா இருக்கும். சீட்டு கடைசிவரைக்கும் திருந்தலை. நாலு ஸ்கூட், ஒரு மிடில், ஒண்ணுல 18. ஒரே ஒரு ஆட்டம் டிக் அடிச்சேன், 117 வந்துச்சு. கூட்டிக் கழிச்சா அந்த ஏழு ஆட்டத்துல இன்னும் 21 ரூபாய் போச்சு. ஆனா ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இருந்த நானா இருந்தா அதே கைகளுக்கு நானூறு குடுத்திருப்பேன்.

ஆக, மிடில் 40-ஐயும் சேர்த்து, மொத்தம் 601.

நைட் ஒரு மணிக்கு ஒருத்தன் ஆரம்பிச்சான். "கடைசி ஆட்டம். பாயிண்ட் அஞ்சு ரூபாய். விட்டவன் எல்லாம் ஒரே அடியில எடுத்துடலாம்!" ஃபுல் வாங்கினா 400. ஒரு நிமிஷம் கை அரிச்சுச்சு, பொய் சொல்லலை. பெட்ல ஏறிப் படுத்துட்டேன். என் இடத்துல உக்காந்தவன் மூணே ரவுண்டுல டிக் அடிச்சான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "மாமு, உனக்கு வந்திருக்க வேண்டிய சீட்டுடா!" இப்பவும் மெஸ்ல என்னைப் பார்த்தா அதைத்தான் சொல்றாங்க.

காலையில அப்பாவுக்குப் போன் போட்டேன். பர்ஸ் தொலைஞ்சு போச்சு, புக் வாங்கினேன்னு நாலு கதை ரெடியா இருந்துச்சு. தறிச் சத்தத்துக்கு நடுவுல அவர் "சொல்லு சாமி"ன்னதும் நாலும் மறந்துபோச்சு. உண்மையைச் சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எவ்ளோ குறையுது?"

"அறுநூத்தி ஒண்ணுப்பா."

"ஃபைன் இல்லாம கட்டக் கடைசி நாள்?"

"நாளைக்கு."

"சாயங்காலம் பார்க்கறேன்." கட் பண்ணப் போனவர் நிறுத்திக் கேட்டார். "எந்திரிச்சு வந்தியா, இல்ல காசு தீர்ந்து வந்தியா?"

"எந்திரிச்சு வந்தேன்ப்பா."

அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜிபேல 600 ரூபாய் வந்துச்சு. மிச்சம் ஒரு ரூபாயைத் தாத்தாகிட்ட கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினேன்.