முழங்கைக்குக் கவசம்!

திண்டுக்கல் ரயிலடியில் இறங்கினால் நாகல் நகர் அதிக தூரமில்லை. சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பேட்டை. காலை வேளையில் ரவுண்டானா ஓரம் சற்று நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். தலைக்கவசமா? இல்லாமலா, ஐயா! ஒருவருக்கு முழங்கையில் தொங்குகிறது. இன்னொருவருக்குப் பெட்ரோல் டாங்கியின் மேல் சவாரி செய்கிறது. போலீஸ்காரரின் தொப்பி தெரிந்ததும் தலைக்கு ஏறும். தொப்பி மறைந்ததும் இறங்கிவிடும்.

"ஏன் தம்பி, போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"இதோ, பக்கத்திலேதானே ஐயா! வேர்க்கிறது; முடி வேறு கொட்டுகிறது."

முடியைப் பற்றிக் கவலை! அது முளைக்கும் இடத்தைப் பற்றியல்லவா நான் கேட்டேன்?

'அரேபியா லாரன்ஸ்' என்று உலகம் புகழ்ந்த வீரர், 1935-ல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் இறந்தார். யுத்த களத்தில் அல்ல. தம் வீட்டுக்குப் பக்கத்திலேதான்! அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான டாக்டர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், பிறகு இந்த விஷயத்தையே ஆராய்ந்தார். 1941-ல் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் ஐகோர்ட்டின் கண்டிப்பான உத்தரவு 2015 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது.

தலையில் வைப்பவர்களிலும் பலர் தாடை வாரை மாட்டுவதில்லை. விழுந்தால் கவசம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பூட்டுக்குப் பேர்போய், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊரில் இப்படி!

என்னிடம் பேசிய தம்பி காபி குடிக்கப் புறப்பட்டார். போகுமுன், கவசத்தை மறக்காமல் வண்டியோடு சேர்த்துப் பூட்டி, இரண்டு தரம் இழுத்தும் பார்த்துக்கொண்டார்.